கம்பளத்தில் அடங்கிய மைதானம்

எழுத்து ஒன்று, ஊர் பல – 9

ஓம்ஸ்க் சிறைக்கோட்டையில் இரவுப் பூட்டு விழுந்த பிறகுதான் மைதானம் திறக்கும்.

1850 ஜனவரியில் கால் விலங்கோடு அந்தச் சைபீரியச் சிறைக்கு வந்து சேர்ந்த தஸ்தயேவ்ஸ்கி நான்கு ஆண்டுகள் அங்கே கிடந்தார். பின்னாளில் எழுதிய 'மரண வீட்டின் குறிப்புகள்' நூலில் அந்த மைதானத்தின் அளவையும் குறித்து வைத்திருக்கிறார்: ஓர் அர்ஷின். அதாவது 71 சென்டிமீட்டர். நம் கணக்கில் ஏறக்குறைய ஒன்றரை முழம். ஒரு கைதி அந்த அளவுக்கு ஒரு கம்பளத்துண்டை விரிப்பான். பக்கத்தில் ஒரு மெழுகுவத்தி, நடுவில் பிசுக்கேறிய சீட்டுக்கட்டு. மூன்றுக்கும் சேர்த்துக் கைதிகள் வைத்திருந்த பெயர் 'மைதான்'. விரித்தவனுக்கு இரவு ஒன்றுக்குப் பதினைந்து கோப்பெக் வரும்படி. காவலர் தலை தெரிகிறதா என்று பார்க்க, உறையும் குளிரில், இருட்டு நடையில் நடுங்கியபடி நிற்பதற்கு ஐந்து கோப்பெக் கூலியில் ஓர் ஆள்.

நம் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிற, நம் கட்சிகள் பொதுக்கூட்டம் போடுகிற மைதானம்தான் இது. அதே சொல். பாரசீகத்திலும் அரபியிலும் புழங்கிய 'மய்தான்' தெற்கே இறங்கி உருது வழியாகத் தமிழுக்கு வந்தபோது ஓர் 'அம்' ஒட்டிக்கொண்டு மைதானம் ஆனது. வடக்கே ஏறியபோது சிரிலிக் எழுத்தில் ஆறே எழுத்தாக உட்கார்ந்தது. தமிழில் அது நல்ல பிள்ளை. வந்த நாளிலிருந்து திறந்தவெளி என்ற ஒரே வேலையைத்தான் பார்க்கிறது. வடக்கே போனது அப்படியில்லை. சூதாட்டக் கம்பளம், தார் காய்ச்சும் காடு, போர்முனை, மக்கள் எழுச்சி என்று ஊருக்கு ஒரு வேஷம் கட்டியது.

மூலம் எது என்பதில் அறிஞர்களுக்குள் பழைய வழக்கு உண்டு. பழைய ஈரானிய மொழியில் 'நடு' என்று பொருள்படும் சொல்லோடு இதை முடிச்சுப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது சரியென்றால் வடமொழி 'மத்திய'மும் இதற்குத் தூரத்து உறவு. எப்படியானாலும், பாரசீக உலகில் மைதான் என்றால் முதலில் குதிரையின் ஞாபகம்தான் வரும். இஸ்பஹானில் ஷா அப்பாஸ் அமைத்த, ஐந்நூறு மீட்டருக்கும் நீளமான பெரிய மைதானத்தின் இரு கோடியிலும் போலோ ஆட்டத்துக்கு நட்ட கல் தூண்கள் இன்றும் நிற்கின்றன. கான்ஸ்டான்டிநோபிளைப் பிடித்த துருக்கியரும் அங்கே ரோமானியர் தேர் ஓட்டிய களத்துக்கு 'அத் மெய்தானி', குதிரை மைதானம், என்றே பெயரிட்டார்கள்.

ஸ்லாவிய மொழிகளுக்குள் இந்தச் சொல் இரண்டு வாசல் வழியாக நுழைந்தது. வடக்கு வாசல் தாத்தாரியருடையது. தெற்கு வாசல் உஸ்மானியருடையது. இரு வழியிலும் வந்தது ஒரே சொல் என்றாலும் போய்ச் சேர்ந்த இடங்கள் ஒன்றுக்கொன்று முகம் தெரியாதவை.

வடக்கில், பழைய குணம் கெடாமல் அதை வைத்திருப்பவர்கள் வோல்கா கரைத் தாத்தாரியர். விதைப்பு முடிந்ததும் அவர்கள் கொண்டாடும் ஏர்த் திருவிழா சபன்துய். 'சபன்' என்றால் ஏர், 'துய்' என்றால் விருந்து. விழா நடக்கிற வெளியின் பெயர் 'மைதான்'. இடுப்பில் துண்டைச் சுற்றிப் பிடித்துத் தூக்கி எறியும் மல்யுத்தம் அதன் நடுவே நடக்கும். கடைசிவரை நின்றவனுக்கு 'பாத்திர்' பட்டமும் ஓர் ஆட்டுக்கிடாவும். வென்றவன் கிடாவைத் தோளில் போட்டுக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வருவான். சொல்லும் செயலும் ஒட்டி நிற்கும் இடம் இது, விளக்கம் தேவையில்லை.

தாத்தாரியரிடமிருந்து ரஷ்யர் கைக்குப் போனபின்தான் கதை காட்டுக்குள் நுழைகிறது.

17-ஆம் நூற்றாண்டு ரஷ்யாவின் பெரும் செல்வந்தர்களில் ஒருவர் பொரீஸ் மொரோசொவ். ஜார் அலெக்ஸேய்க்குச் சிறுவயதில் ஆசானாக இருந்தவர், பிறகு ஆட்சியையே கையில் வைத்திருந்தவர், 1648-இல் மாஸ்கோ மக்கள் கொதித்தெழுந்தபோது உயிர் தப்பியதே பெரிது என்று இருந்தவர். அவருடைய செல்வத்தில் ஒரு பெரும் பங்கு சாம்பலிலிருந்து வந்தது. அர்ஸமாஸ், நீஷ்னி நோவ்கொரத் பக்கத்துக் காடுகளில் மரங்களை வெட்டி எரிப்பார்கள். சாம்பலைத் தண்ணீரில் கரைத்து, வடித்து, சுண்டக் காய்ச்சினால் பொட்டாஷ் கிடைக்கும். கண்ணாடிக்கும் சோப்புக்கும் துணிச் சாயத்துக்கும் அது வேண்டும். வடக்குத் துறைமுகமான அர்ஹாங்கெல்ஸ்க் வழியாக ஆங்கிலேய, டச்சு வணிகர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். இப்படிச் சாம்பல் காய்ச்சும் இடத்துக்குப் பெயர் 'மைதான்'. பைன் மரத்திலிருந்து தார் இறக்கும் இடத்துக்கும் அதே பெயர்.

ஏன் என்று கேட்டால், அடர்ந்த காட்டில் உலை வைக்க வேண்டுமானால் முதலில் ஓர் இடத்தைச் சுத்தமாக வெட்டி வெளியாக்க வேண்டும். மரமில்லாத அந்தத் திட்டுத்தான் மைதான். புல்வெளி மனிதனுக்குக் குதிரை ஓட்டும் வெளியாக இருந்தது, காட்டு மனிதனுக்கு மரம் விழுந்த வெளியாக மாறியது. பிறகு வெளியின் பெயர் உலைக்கு ஏறி, உலையின் பெயர் ஊருக்கு ஏறியது. காடு தீர்ந்ததும் உலை அடுத்த காட்டுக்கு நகரும்; ஆட்கள் சிலர் அங்கேயே தங்கிவிடுவார்கள். ரஷ்யாவிலும் உக்ரைனிலும் போலந்திலும் மைதான் என்ற பெயரில் இத்தனை சிற்றூர்கள் கிடப்பதற்கு ஒரு பெரிய காரணம் இந்தச் சாம்பலும் தாரும்தான். அவற்றில் ஒன்றை உலகமே அறியும், பெயர் தெரியாமல். நீஷ்னி நோவ்கொரத் மாகாணத்தின் தெற்கே உள்ள போல்ஹவ்-மைதான், மரக் கடைசலுக்கும் வண்ணப் பொம்மைகளுக்கும் பேர்போன கிராமம். ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும் மத்ரியோஷ்கா பொம்மையில் வயிறு நிறையப் பெரிய ரோஜாப்பூ வரைந்திருந்தால், அது பெரும்பாலும் இந்த மைதானத்துச் சரக்கு.

உக்ரைன் புல்வெளியில் இன்னொரு வினோதம். அங்கே பழங்கால இடுகாட்டு மேடுகள் நிறைய. அவற்றில் சில, நடு தோண்டப்பட்டு, விளிம்பு மட்டும் வளையமாக நின்று, பக்கங்களில் நீண்ட மண் கைகள் கிளம்பி, பார்ப்பதற்கு ஏதோ ஆதி மனிதரின் கோயில்போல் இருக்கும். ஊரார் அவற்றையும் மைதான் என்றார்கள். 19-ஆம் நூற்றாண்டில் தொல்பொருள் ஆர்வலர்கள் இவற்றைக் கோட்டை என்றும் வழிபாட்டிடம் என்றும் வாதிட்டு நிறைய மை செலவழித்தார்கள். விடை அவ்வளவு புனிதமாக இல்லை. பீரங்கிக்கு வெடியுப்பு தேவைப்பட்ட காலத்தில், மேட்டின் மண்ணை அள்ளிக் கரைத்து உப்புக் காய்ச்சியவர்கள் விட்டுப்போன குழிகள் அவை. மண் கைகள் என்பவை கரைத்து எறிந்த மண்ணின் குவியல்கள். பழைய கல்லறையைத் துப்பாக்கி மருந்தாக்கிய பட்டறைக்கும் மைதான் என்றே பெயர் இருந்திருக்கிறது.

ஓம்ஸ்க் சிறையின் கம்பளத்துக்கு இது எப்படி வந்தது? சந்தை வழியாக. ரஷ்யப் பேச்சுவழக்கில் மைதான் என்றால் சந்தைத் திடல். சந்தையில் பகடையும் சீட்டும் ஆடுகிறவர்கள் கூடும் மூலையும் மைதான். 1860-களில் தம் பெரிய அகராதியை வெளியிட்ட விளாதீமிர் தால் இந்தப் பொருள்களையெல்லாம் ஒரே பதிவின் கீழ் அடுக்கியிருக்கிறார். திடலும், கல்லறை மேடும், தார் உலையும், சூதாடியும் பக்கத்துப் பக்கத்தில். அந்தச் சூதாடி சிறைக்குப் போனபோது மைதானத்தையும் சுருட்டி எடுத்துக்கொண்டு போனான். பிறகு ரயில் வந்தது. திருடர் பாஷையில் ரயில் வண்டியே மைதான் ஆயிற்று. பெட்டிகளில் கைவரிசை காட்டுபவன் 'மைதான்ஷிக்'. திறந்தவெளியைக் குறித்த சொல் பூட்டிய பெட்டிக்குப் பெயரானது இப்படித்தான்.

தோன் நதிக்கரைக் கொசாக்குகள் இந்தச் சகவாசம் எதிலும் சேராமல், ஊர்க்கூட்டம் கூடும் இடத்தை மைதான் என்றார்கள். உக்ரைனியச் சிற்றூர்களிலும் சந்தையும் பஞ்சாயத்தும் நடந்த நடுத்திடல் அதுவே. இந்தப் பொருள் பிற்பாடு பெரிதாக வெடிக்கப் போகிறது. அதற்கு முன் தெற்கு வாசலை ஒரு நடை பார்த்துவிடலாம்.

பெல்கிரேடு நகரின் நடுவே தாஷ்மைதான் என்றொரு பூங்கா. 'தாஷ்' என்றால் துருக்கியில் கல். அப்படியானால் கல் மைதானம் என்றுதானே சொல்லத் தோன்றும்? அங்கேதான் சறுக்கும். செர்பிய மொழியில் 'மைதான்' என்றால் திடல் இல்லை, சுரங்கம்; கல் வெட்டும் குவாரியும் அதில் அடக்கம். பூங்கா இருக்கும் இடம் ரோமானியர் காலத்திலிருந்தே கல் வெட்டப்பட்ட குவாரி. செர்பியாவுக்குத் தன்னாட்சி வழங்கிய சுல்தானின் ஆணை 1830-இல் மக்கள் கூடி நிற்க வாசிக்கப்பட்டதும் அதே தாஷ்மைதானில்தான். ஆக, மக்கள் கூடிய இடம்தான். ஆனால் பெயர்க்காரணம் அதுவல்ல. கிழக்கு செர்பியாவில் மைதான்பெக் என்றொரு நகரம் இருக்கிறது. பெக் என்பது அங்கே ஓடும் ஆறு. நகரம் வாழ்வது செம்புச் சுரங்கத்தால்.

எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிற இந்தச் சொல் உண்மையில் வேறொரு சொல். அரபியில் சுரங்கத்துக்கு 'மஃதின்' என்று பெயர், துருக்கியில் 'மாதென்'. அரபியின் அடித்தொண்டை ஒலியைப் பால்கன் நாக்கு புரட்டிப் புரட்டி 'மைதான்' ஆக்கிவிட்டது. பல்கேரியா அவ்வளவு தூரம் போகவில்லை. ரொடோப்பி மலையில் ஈயமும் துத்தநாகமும் எடுக்கும் ஊர் அங்கே 'மதான்' என்றே நின்றுவிட்டது. உஸ்பெக்கியரோ தாதுவுக்கு 'மஃதன்', வெளிக்கு 'மைதோன்' என்று இரண்டையும் தனித்தனிக் கிண்ணத்தில் வைத்திருக்கிறார்கள்.

அப்படியானால் அசல் மைதானம் செர்பியாவுக்கு வரவே இல்லையா? வந்தது. சுரங்கம் அதன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டதால், அது 'மெய்தான்', 'மெக்தான்' என்று வேறு உடையில் வந்தது. பொருளும் சிவந்துபோனது. தென் ஸ்லாவிய வீரகாவியங்களில் மெக்தான் என்றால் இரு வீரர்கள் ஒற்றைக்கு ஒற்றை மோதும் களம். பிறகு அந்த மோதலே. ஒருவனை மெக்தானுக்கு அழைத்தால் அது வாளெடுத்து வா என்பதற்குச் சமம். எல்லை தாண்டிப் பல்கேரியக் கிராமத்துக்குள் போனால் அதே மெக்தானில் ஞாயிற்றுக்கிழமை பெண்களும் ஆண்களும் கைகோத்து ஹொரோ ஆடியிருப்பார்கள். அங்கே அது ஊர்நடுத் திடல். ஒரு நாட்டில் ரத்தம், பக்கத்து நாட்டில் கும்மி. மொழியியலில் இதற்கெல்லாம் அறிவியல்பூர்வமான விளக்கங்கள் இருக்கலாம். இந்தத் தொடரை எழுதுகிறவனுக்கு அதைவிட இந்தக் காட்சியே பிடித்திருக்கிறது.

ருமேனியரும் ஒரு காலத்தில் சிரிலிக்கில் எழுதியவர்கள்தாம். சோவியத் மால்தோவாவில் 1989 வரை அதுவே நீடித்தது. அவர்களுக்கு மைதான் என்பது கட்டடங்களுக்கு இடையே கேட்பாரற்றுக் கிடக்கும் காலி மனை. அங்கே சுற்றித் திரியும் தெருநாய்க்கு அதனாலேயே 'மைதானேஸ்', மைதானத்துக்காரன், என்று பெயர்.

கசாக்கு மொழியில் இந்தச் சொல் சீருடை போட்டுக்கொண்டது. அங்கே மைதான் என்றால் போர்முனை. இரண்டாம் உலகப் போரில் முனைக்குப் போய்வந்த கிழவர் 'மைதாங்கெர்'. நகரச் சதுக்கத்துக்கு அவர்கள் வேறு சொல் வைத்திருக்கிறார்கள்: 'அலங்'. 1986 டிசம்பரில் அல்மாட்டி இளைஞர்கள் மாஸ்கோவின் முடிவை எதிர்த்துத் திரண்டது அலங்கில், மைதானத்தில் இல்லை. தமிழனுக்கு இதில் பெரிய வியப்பு இருக்காது. நெல்லடிக்கும் இடம் களம், போர் நடக்கும் இடம் களம், விளையாடும் இடமும் ஆடுகளம் என்று நம்மிடமே ஒரு சொல் மூன்று வேலை பார்க்கிறது.

உஸ்பெக்கியர் நகரச் சதுக்கத்துக்கும் மைதோன் என்பார்கள், இயற்பியல் பாடத்தில் காந்தப்புலத்துக்கும் மைதோன் என்பார்கள். நாம் புலம் என்றோமே, அதுவும் நிலத்தைக் குறித்த பழஞ்சொல்தானே. வீரன் யாரென்று மைதானத்தில்தான் தெரியும் என்று அவர்களிடம் ஒரு பழமொழி உண்டு. தாஷ்கண்டில் லெனின் சிலை நின்ற சதுக்கம், சோவியத் ஒன்றியம் சரிந்த பிறகு 'முஸ்தகில்லிக் மைதோனி' ஆனது. லெனினுக்குப் பதில் பீடத்தில் ஓர் உலக உருண்டை. அந்த உலகத்தில் உஸ்பெகிஸ்தான் மட்டும்தான் இருக்கிறது. முஸ்தகில்லிக் மைதோனி என்றால் விடுதலை மைதானம்.

1991 ஆகஸ்டில், மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், கீவ் நகரமும் தன் அக்டோபர் புரட்சிச் சதுக்கத்துக்கு அதே பொருளில் பெயர் சூட்டியது: 'மைதான் நெஸலெஷ்னஸ்தி'. ரஷ்ய 'ப்ளோஷத்'தின் சாயல் வேண்டாம் என்று நினைத்தவர்களுக்கு 'ப்ளோஷ்ஷா' என்ற உக்ரைனியச் சொல் கையில் இருந்தது. அவர்கள் எடுத்ததோ கிராமத்துச் சந்தைத் திடலின் பெயரை. ஆக ஸ்லாவியத் தலைநகர் ஒன்றும் துருக்கியத் தலைநகர் ஒன்றும் ஒரே காலத்தில் ஒரே பாரசீகச் சொல்லால் லெனினை வழியனுப்பின.

சொல்லில் அரசியல் ஏறியது கீவில்தான் முதல் முறை என்று நினைப்பவர்கள் பாக்கூவைப் பார்க்க வேண்டும். 1988 நவம்பர் 17 முதல் அங்கே லெனின் சதுக்கத்தில் லட்சக்கணக்கானோர் இரவும் பகலும் அமர்ந்தார்கள். டிசம்பர் 5-ஆம் தேதி படைகள் வந்து கலைத்தன. அஸர்பைஜானியர் அதை 'மெய்தான் இயக்கம்' என்றே சொல்கிறார்கள். அன்று அவர்கள் எழுத்தும் சிரிலிக். செர்பியரிடம் இருக்கும் வளைந்த 'ய' எழுத்தையே அவர்களும் பயன்படுத்தியதால், பாக்கூவின் மெய்தானும் போஸ்னியச் செர்பியரின் மெய்தானும் எழுத்துப் பிசகாமல் ஒன்றுபோல் இருந்தன.

துஷான்பேயில் நடந்தது கொடுமை. 1992 மார்ச் கடைசியில் எதிர்க்கட்சியினர் ஷஹீதோன் மைதானத்தில், தியாகிகள் மைதானத்தில், திரண்டார்கள். ஏப்ரலில் அரசு ஆதரவாளர்கள் அதே பெருஞ்சாலையில் உள்ள ஓஸோதி மைதானத்தில் எதிர்க்கூட்டம் போட்டார்கள். ஓஸோதி என்றால் ஆசாதி. பம்பாயின் ஆசாத் மைதானத்துக்கும் தஜிக்கியத் தலைநகரின் மைதானத்துக்கும் பெயர் ஒன்றே. இரு மைதானங்களும் வாரக்கணக்கில் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தன. மே மாதம் துப்பாக்கி பேசியது. அமைதி ஒப்பந்தம் கையெழுத்தாக 1997 ஜூன் வரை ஆனது. அதற்குள் பல்லாயிரம் உயிர்கள்.

கீவின் முறை 2004 நவம்பரில் வந்தது. தேர்தல் மோசடியை எதிர்த்துக் கூடாரம் அடித்தவர்கள் மறுவாக்குப்பதிவு வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்கள். 2013 நவம்பர் 21 இரவு, ஐரோப்பிய ஒன்றியத்துடனான ஒப்பந்தத்தை அரசு நிறுத்தியதும், பத்திரிகையாளர் முஸ்தபா நயெம் முகநூலில் இரவு பத்தரைக்கு மைதானுக்கு வாருங்கள் என்று அழைத்தார். நயெம் பிறந்த ஊர் காபூல். அங்கே மைதான் என்ற சொல்லைக் குழந்தை நடக்கப் பழகும்போதே கற்றுக்கொள்ளும். பாரசீகத்திலிருந்து தாத்தாரியர் வழியாக உக்ரைனுக்கு வந்து வேர்விட்ட சொல்லுக்குள், பாரசீகம் பேசும் நகரத்தில் பிறந்த ஒருவர் கூட்டத்தைக் கூப்பிட்டார். மூன்று மாதம் கழித்து, 2014 பிப்ரவரி 18 முதல் 20 வரை, ஏறத்தாழ நூறு பேர் அங்கே செத்து விழுந்தார்கள். அதிபர் யனுகோவிச் தலைநகரைவிட்டு ஓடினார்.

அதன்பின் சொல் மறுபடி உடைந்தது. உக்ரைனியர் வாயில் மைதான் ஓர் இடத்தின் பெயராக மட்டும் இல்லாமல் நிகழ்ச்சியின் பெயரானது: முதல் மைதான், இரண்டாம் மைதான் என்று எண்ணத் தொடங்கினார்கள். வண்டிகளில் ஊர்வலம் போனவர்கள் 'ஆவ்தொமைதான்'. ரஷ்ய அரசுத் தொலைக்காட்சியிலோ அதே சொல் அந்நியர் தூண்டிவிட்ட கலகத்தின் பொதுப்பெயர். இங்கே ஒரு மைதான் வர விடமாட்டோம் என்று அதிகாரிகள் மிரட்டும் அளவுக்கு அது ஒரு நோயின் பெயர்போல் ஆகிவிட்டது. நம் ஊர்ச் செய்திகளில் 'மைதான் சதுக்கம்' என்று வந்தால், திடல் திடல் என்று இருமுறை சொன்ன கணக்கு. அதைப் பெரிய குற்றமாகச் சொல்ல முடியாது.

இன்றும் மே 9-ஆம் தேதி அல்மாட்டியில் கசாக்கு நாளிதழும் ரஷ்ய நாளிதழும் ஒரே பெட்டிக்கடையில் தொங்கும். இரண்டிலும் அதே ஆறு எழுத்துகள் கண்ணில் படலாம். ஒன்றில் நெஞ்சு நிறையப் பதக்கம் குத்திய தாத்தா ஜெர்மானியரோடு போரிட்ட முனை. மற்றதில் கீவில் எரிந்த டயர்.

அடுத்த இதழில்: சராய். துருக்கியருக்கு அரண்மனை, ரஷ்யருக்கு விறகும் வைக்கோலும் போட்டுவைக்கும் கொட்டகை.